மெத்தடோனில் பல வருடம் இருப்பவர்கள் பிற்பாடு எப்படி இருக்கிறார்கள்? தம்பிக்காகக் கேட்கிறேன்

நிலாமுற்றம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி சில வருடங்களாக மெத்தடோன் சிகிச்சையில் இருக்கிறான், ஹெராயினுக்குப் பதிலாக டாக்டர் மேற்பார்வையில் தினமும் குடிக்கும் மருந்து அது. முதுகில் ஆபரேஷன் ஆனபோது கொடுத்த வலி மாத்திரையில் ஆரம்பித்து, அது கிடைக்காமல் போனதும் ஹெராயினுக்குப் போய், மூச்சு நின்று ஆஸ்பத்திரி வரை போய்ப் பிழைத்து வந்தவன். இப்போது தினமும் 85 மில்லிகிராம் எடுக்கிறான். வேலைக்குப் போகிறான், தூங்குகிறான், முகம் பார்த்துப் பேசுகிறான். எனக்கு அது போதும். ஆனால் வீட்டில் மற்றவர்களுக்குப் போதவில்லை.

"ஒரு போதையை விட்டு இன்னொரு போதையைப் பிடித்துக்கொண்டான், இதற்குப் பெயர் சிகிச்சையா" என்று சித்தப்பா கேட்கிறார். அம்மா வாய் திறந்து எதுவும் சொல்வதில்லை, ஆனால் மாதத்துக்கு ஒரு தடவையாவது "எப்போ நிறுத்துவான்" என்று என்னிடம் தனியாகக் கேட்டுவிடுவார். இப்போது அவனுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது, அவனுக்குப் பிடித்த பெண்தான். அதற்குள் மருந்தை முழுக்க விட்டுவிட வேண்டும் என்று அவனே கிளினிக்கில் போய் டோஸைக் குறைக்கச் சொல்லியிருக்கிறான். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அவன் முன்பு ஒரு தடவை போதை மீட்பு முகாமில் சேர்ந்து "சுத்தமாகி" வந்த சில வாரங்களில்தான் மூச்சு நின்றது.

தேடினால் முதல் ஆறு மாதம், முதல் ஒரு வருடம் பற்றித்தான் நிறைய இருக்கிறது. பத்து வருடம், இருபது வருடம் ஆனவர்கள் என்ன ஆனார்கள்? நிறுத்தியவர்களில் எத்தனை பேர் நன்றாக இருக்கிறார்கள்? உடம்புக்கு என்ன கெடுதல்? ஆறுதல் சொல்ல வேண்டாம், தெரிந்ததை அப்படியே சொல்லுங்கள்.

மருதநிழல் எழுதியது:

நான் போதை நோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் மனநல மருத்துவர். உங்கள் தம்பியை நேரில் பார்க்காமல் அவர் இன்னதுதான் செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பொதுவாக நீங்கள் கேட்டவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

முதலில் உயிரைப் பற்றிப் பேசிவிடுவோம், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பல நாடுகளின் 19 ஆய்வுகளைச் சேர்த்து ஒரு கணக்கு வந்தது. மெத்தடோன் எடுத்தவர்கள் மட்டும் அதில் 1,22,885 பேர். சிகிச்சைக்குள் இருக்கும்போது ஆயிரம் பேரில் வருடத்துக்குச் சுமார் 11 பேர் இறந்தார்கள், சிகிச்சையை விட்டு வெளியே இருந்த காலத்தில் அது 36. ஓவர்டோஸால் இறந்தவர்களை மட்டும் எடுத்தால் உள்ளே 2.6, வெளியே 12.7. இரண்டு காலகட்டங்கள் தனித்து நிற்கின்றன. ஒன்று, மெத்தடோன் ஆரம்பித்த முதல் நான்கு வாரம், உடம்பு இன்னும் டோஸுக்குப் பழகாத காலம். இன்னொன்று, நிறுத்திய பிறகான முதல் நான்கு வாரம். உங்கள் தம்பிக்கு முகாமுக்குப் பின் நடந்தது இந்த இரண்டாவது வகைதான். தாங்கும் சக்தி சில நாட்களில் இறங்கிவிடும், ஏக்கம் அப்படியே இருக்கும், பழைய அளவை எடுத்தால் மூச்சு தாங்காது. ஜெயிலிலிருந்து வெளியே வருபவர்கள் முதல் இரண்டு வாரத்தில் இறப்பதற்கும் இதே காரணம்தான்.

"ஒரு போதைக்குப் பதில் இன்னொன்று" என்ற பேச்சு 1965இல் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரண்டு மருத்துவர்கள் மெத்தடோன் கொடுத்த 22 நோயாளிகளைப் பற்றி முதல் கட்டுரை எழுதிய காலத்திலிருந்தே இருக்கிறது. உங்கள் சித்தப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். ஹெராயின் சில நொடிகளில் மூளைக்குப் போய்ச் சில மணி நேரத்தில் இறங்கிவிடும், அதனால் அந்த ஆள் ஒரே நாளில் பல தடவை ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பார், அந்த இறக்கத்தைத் தவிர்ப்பதற்காகவே அவருடைய நாள் முழுக்கப் போய்விடும். வாய் வழியாகக் குடிக்கும் மெத்தடோன் மெதுவாக ஏறி, பெரும்பாலானோருக்கு ஒரு நாளைக்கும் மேலாக ஒரே மட்டத்தில் நிற்கும். சரியான டோஸில் பழகிவிட்டவருக்கு அது போதை தருவதில்லை, நடுக்கத்தையும் ஏக்கத்தையும் அடக்குகிறது, மேலே ஹெராயின் போட்டாலும் பெரிதாக ஏறவிடாது. உடம்பு அந்த மருந்தை எதிர்பார்க்கும் என்பது உண்மை, திடீரென்று நிறுத்தினால் கஷ்டப்படுவார். ஆனால் திருட்டு, பொய், வேலை போவது, ஊசியைப் பங்கு போடுவது என்று வாழ்க்கையைத் தின்ற பகுதி இருக்கிறதே, அது போய்விடுகிறது. நோய் என்று நாங்கள் சொல்வது அந்தப் பகுதியைத்தான்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய ஆய்வு ஒன்று எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 1979இல் வெளிவந்தது, ஹாங்காங்கில் நடந்தது. ஹெராயின் பழக்கம் இருந்த 100 பேருக்கு முதலில் எல்லோருக்கும் 60 மில்லிகிராம் மெத்தடோன். அப்புறம் பாதிப் பேருக்குத் தெரியாமலே தினம் 1 மில்லிகிராம் குறைத்துக் கடைசியில் மருந்தில்லாத திரவமாக்கினார்கள். 32 வாரம் கழித்து மெத்தடோன் குழுவில் 76% பேர் சிகிச்சையில் இருந்தார்கள், மற்ற குழுவில் 10%. மூன்று வருடத்தில் 56%, 2%. அதே காலத்தில் ஸ்வீடனில் 34 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு வருடம் கழித்து மெத்தடோன் கிடைத்த 17 பேரில் 12 பேர் போதைப்பொருளை விட்டிருந்தார்கள், கிடைக்காத 17 பேரில் ஒருவர். இப்போது இப்படி ஒரு ஆய்வு நடத்த எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது.

ஒன்றையும் மறைக்க வேண்டாம் என்றீர்கள், அதனால் மறுபக்கமும். சேருகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஒரு வருடம் முடிவதற்குள் விட்டுவிடுகிறார்கள். மெத்தடோன் குடிப்பழக்கத்தைச் சரி செய்யாது, கொக்கெயினைச் சரி செய்யாது, சிறு வயதில் பட்ட காயங்களைச் சரி செய்யாது. சிட்னியில் 2001-02இல் ஹெராயின் பழக்கம் உள்ள 615 பேரைச் சேர்த்துப் பின்தொடர்ந்தார்கள், அதில் மெத்தடோன் எடுத்தவர்களும் உண்டு, வேறு சிகிச்சைக்குப் போனவர்களும் உண்டு. 11 வருடம் கழித்து சுமார் 10% பேர் இறந்திருந்தார்கள். கடந்த மாதம் ஹெராயின் எடுத்தேன் என்றவர்கள் ஆரம்பத்தில் ஏறக்குறைய எல்லோரும், முடிவில் நால்வரில் ஒருவர். நடுவில் விழுந்து எழுந்தவர்கள் நிறைய. இந்த நோய் நேர்க்கோட்டில் போவதில்லை.

உங்கள் தம்பி நன்றாக இருக்கும்போது, வீட்டாரின் வாய்க்காக டோஸைக் குறைப்பது என்பதுதான் நீங்கள் எழுதியதிலேயே என்னைப் பயமுறுத்தும் வரி.

பழையவழிப்போக்கன் எழுதியது:

டாக்டர் கணக்கு சொல்லிவிட்டார், நான் உள்ளே இருந்து சொல்கிறேன். என் தலைமுடி கறுப்பாக இருந்தபோது மெத்தடோன் ஆரம்பித்தேன், இப்போது பேரன் இருக்கிறான். அக்கா, உங்கள் கேள்விக்கு உயிரோடு இருக்கும் பதில்களில் நானும் ஒருவன்.

நன்மை உங்களுக்கே தெரியும், அதனால் தொந்தரவை மட்டும் சொல்கிறேன். வியர்வை. எல்லோரும் குளிரில் நடுங்கும் அறையில் என் சட்டை நனைந்திருக்கும், இது இத்தனை வருடத்தில் போகவே இல்லை. மலச்சிக்கல், இதற்குத் தினமும் ஏதாவது எடுத்தாக வேண்டும், "தானாகச் சரியாகும்" என்று விட்டால் ஆகாது. வாய் வறண்டு பல் கெடும், சிரப்பில் சர்க்கரை இருந்தால் இன்னும் மோசம், குடித்தவுடன் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லுங்கள். ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் இறங்கும், சோர்வும் ஆசைக் குறைவும் வரும், இதை டாக்டரிடம் கேட்க வெட்கப்பட்டே பலர் மெத்தடோனை விட்டுவிடுகிறார்கள். உங்கள் தம்பி கல்யாணம் பண்ணப் போகிறவர், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், வைத்தியமும் உண்டு. எடை கூடும். சிலருக்குத் தூக்கத்தில் மூச்சு விட்டு விட்டு வரும், பக்கத்தில் படுத்திருப்பவர்தான் கவனித்துச் சொல்ல முடியும்.

என் கூட ஆரம்பித்தவர்களில் பலர் இன்று இல்லை. ஆனால் அவர்களை எது கொண்டு போனது என்று பார்த்தால் வருடம் ஆக ஆக மாறிக்கொண்டே வந்தது. முதலில் ஓவர்டோஸ், அதுவும் சிகிச்சையை விட்டவர்கள். அப்புறம் ஈரல், பழைய ஊசியால் வந்த ஹெபடைட்டிஸ் சி. இப்போது நெஞ்சும் நுரையீரலும், ஏனென்றால் நாங்கள் எல்லோரும் சிகரெட்டை மட்டும் விடவில்லை, "அதுவாவது இருக்கட்டும்" என்று கிளினிக்கிலும் கேட்கவில்லை. மெத்தடோன் ஒருவனை ஐம்பது வயது வரை கொண்டு வந்து சேர்த்தால், அங்கிருந்து மற்ற எல்லோரையும் போல பிபி, சர்க்கரை, நெஞ்சு என்று பார்த்தாக வேண்டும். ஹெபடைட்டிஸ் சிக்கு இப்போது இரண்டு மூன்று மாத மாத்திரையிலேயே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முழுக்கக் குணமாகிறது. ஈரல் பரிசோதனை செய்துகொள்ளாத ஆள் இருந்தால் இன்றே போகட்டும்.

இன்னொன்று, பல் வலிக்கோ ஆபரேஷனுக்கோ போனால் "நீதான் ஏற்கெனவே மெத்தடோன் எடுக்கிறாயே, வலி இருக்காது" என்பார்கள். தப்பு. மெத்தடோன் நடுக்கத்தை ஒரு நாள் முழுக்க அடக்கும், ஆனால் வலியை அடக்குவது ஆறு முதல் எட்டு மணி நேரம்தான், அதுவும் பழகிய உடம்புக்குப் போதாது. தினசரி டோஸும் நிற்கக் கூடாது, வலிக்குத் தனியாகவும் கொடுக்க வேண்டும். இதை ஒரு தாளில் கிளினிக் டாக்டரிடம் எழுதி வாங்கிப் பையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

தினமும் போய் வரிசையில் நிற்பதுதான் எனக்கு மருந்தை விடப் பெரிய பாரமாக இருந்தது. ஊருக்குப் போக முடியாது, நேரத்தில் வேலைக்குப் போக முடியாது, கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் முகத்தைப் பொறுத்து அன்றைய நாள் அமையும். வீட்டுக்கு டோஸ் தர ஆரம்பித்த பிறகுதான் நான் மனிதனாக உணர்ந்தேன். பல இடங்களில் கொரோனா காலத்தில் இதைத் தளர்த்தினார்கள், அமெரிக்காவில் 2024இல் நிரந்தர விதியாகவே ஆக்கி, நிலையாக இருப்பவருக்கு 28 நாள் வரை கையில் கொடுக்கலாம் என்றார்கள். உங்கள் தம்பிக்கு மருந்தே அலுத்துவிட்டதா, இல்லை அந்த வரிசை அலுத்துவிட்டதா என்று முதலில் கேளுங்கள். இரண்டும் வேறு.

கரையேறியவன் எழுதியது:

நான் மெத்தடோனை நிறுத்தியவன். நிறுத்திப் பல வருடம் ஆகிறது, நன்றாக இருக்கிறேன். டாக்டர் எழுதியதில் தவறு எதுவும் இல்லை, ஆனால் இந்த மாதிரி பேச்சுகளில் நிறுத்த ஆசைப்படுவதே குற்றம் மாதிரி ஆகிவிடுகிறது, அது எனக்குச் சம்மதமில்லை. வாழ்நாள் முழுக்க ஒரு மருந்தை நம்பி இருக்க வேண்டாம் என்று ஒருவன் நினைப்பது நியாயம்தான். கேள்வி எப்போது, எப்படி, யாருக்காக என்பதுதான்.

நான் இறங்கியது மிக மெதுவாக. மாதத்துக்குக் கொஞ்சம், அதுவும் முந்தைய அளவில் ஐந்து, பத்து சதவீதத்துக்கு மேல் குறைக்காமல். உடம்பு பழகவில்லை என்றால் அங்கேயே நின்றோம், தூக்கம் கெட்டால் நின்றோம், வீட்டில் ஒரு சாவு விழுந்தபோது திரும்பக் கொஞ்சம் ஏற்றினோம். என் டாக்டர் முதல் நாளே சொன்ன வாக்கியம், "எப்போது வேண்டுமானாலும் திரும்பி ஏறலாம், அது தோல்வி இல்லை". அது இல்லாவிட்டால் நான் பாதி வழியில் தெருவுக்குப் போயிருப்பேன். மேலே இருக்கும்போது இறங்குவது சுலபம், 100இலிருந்து 60 வருவது ஒன்றுமே இல்லை போலிருக்கும். 30க்குக் கீழே வந்த பிறகு ஒவ்வொரு மில்லிகிராமும் தெரியும். கடைசி மில்லிகிராம்கள் எனக்கு முதல் பாதியை விட அதிகக் காலம் எடுத்தன. முழுக்க நின்ற பிறகும் பல மாதம் தூக்கம் சரியில்லை, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தது. இது வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் தாங்கினேன்.

அப்போது எனக்கு வேலை நிலையாக இருந்தது, பழைய கூட்டத்தோடு தொடர்பு இல்லை, மனச்சோர்வுக்கு வைத்தியம் முடிந்திருந்தது, கல்யாணம் மாதிரி எந்தத் தேதியும் துரத்தவில்லை. தேதி வைத்துக்கொண்டு இறங்கியவர்கள் நிலைத்து நின்று நான் பார்த்ததில்லை. இதை உங்கள் தம்பியிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், டாக்டர் சொன்னால் கேட்காதவன் நிறுத்தியவன் சொன்னால் கேட்பான்.

நிலாமுற்றம் எழுதியது:

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு தம்பியோடு உட்கார்ந்து இதையெல்லாம் படித்தேன். வரிசையைப் பற்றி எழுதியிருந்ததை அவன் திரும்பத் திரும்பப் படித்தான். "எனக்கு இதுதான்கா" என்றான். காலையில் கிளினிக், அப்புறம் ஓட்டமாக வேலை, அந்தப் பெண்ணோடு இரண்டு நாள் வெளியூர் போகக்கூட வழியில்லை என்பதுதான் அவனை அரித்திருக்கிறது. இதை எங்களில் யாரும் கேட்டதே இல்லை.

இன்னும் இரண்டு கேள்வி. நிறுத்துபவர்களில் கரையேறியவன் மாதிரி எத்தனை பேர் என்று கணக்கு இருக்கிறதா டாக்டர்? இதயத்துக்குக் கெடுதல் என்று எங்கோ படித்தேன், அது எவ்வளவு உண்மை? அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரியும். குழந்தையைப் பற்றி அவள் பயப்படுகிறாள், அதற்கும் யாராவது சொல்லுங்கள்.

மருதநிழல் எழுதியது:

கரையேறியவன் சொன்ன முறையில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. கணக்கு கேட்டீர்கள். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், டோஸைக் குறைத்து வெளியேற முயன்ற பல ஆயிரம் முயற்சிகளைப் பார்த்தார்கள், 2012இல் வெளியானது. நிறுத்தி ஒன்றரை வருடத்துக்குள் திரும்பச் சிகிச்சைக்கு வராமல், ஓபியாய்டால் (ஹெராயின், மெத்தடோன் மாதிரியான மருந்து வகை) ஆஸ்பத்திரியில் சேராமல், இறக்காமல் இருப்பதை வெற்றி என்று வைத்தால், வெற்றி பெற்றவை 13%. ஆனால் அதே ஆய்வில், 12 வாரத்துக்குள் அவசரமாகக் குறைத்தவர்களை விட மாதக்கணக்கில் குறைத்தவர்கள் பல மடங்கு நன்றாக இருந்தார்கள், ஒரு வருடத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டவர்கள் இன்னும் நன்றாக. குறைப்பதை நடுநடுவே நிறுத்தி, அதே டோஸில் கொஞ்ச காலம் இருந்து குறைத்ததும் உதவியது. ஆக அவர் அனுபவத்தில் கண்டதும் ஆய்வில் வந்ததும் ஒன்றுதான். திரும்பச் சிகிச்சைக்கு வந்தவர்களை நான் தோற்றவர்களாகப் பார்ப்பதில்லை, அவர்கள் உயிரோடு திரும்பி வந்திருக்கிறார்கள்.

இதயத்தைப் பற்றி. மெத்தடோன் இதயத்தின் மின்னோட்டத்தில் க்யூடி என்ற இடைவெளியை நீட்டும், டோஸ் கூடக் கூட நீளும். அது 500 மில்லிவினாடியைத் தாண்டினால் ஆபத்தான துடிப்புக் கோளாறு வரலாம். பெரும்பாலானோருக்கு அவ்வளவு போகாது. வீட்டில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தால், மயக்கம் போட்டு விழுந்திருந்தால், டோஸ் 100ஐத் தாண்டினால், க்யூடியை நீட்டும் வேறு மருந்தும் சேர்ந்தால் கட்டாயம் இசிஜி எடுக்க வேண்டும். உங்கள் தம்பிக்கு இதுவரை எடுக்கவில்லை என்றால் இப்போது ஒன்று எடுத்து வைப்பது நல்லது. நீண்டிருந்தால் டோஸைக் கவனமாகச் சரி செய்யலாம், இல்லை பியூப்ரெனார்பின் என்ற இன்னொரு மாற்று மருந்துக்கு மாறலாம், அது இதயத்தில் இந்தத் தொந்தரவை அவ்வளவாகச் செய்வதில்லை, மூச்சடக்குவதிலும் அதற்கு ஒரு உச்ச வரம்பு உண்டு, அதாவது டோஸ் கூடினாலும் ஓர் அளவுக்கு மேல் மூச்சை அடக்காது. ஆனால் சிகிச்சையில் தக்கவைப்பதில் மெத்தடோன்தான் முன்னால் நிற்கிறது. அமெரிக்காவில் 1,267 பேரில் செய்த ஆய்வில் 24 வாரம் முடித்தவர்கள் மெத்தடோனில் 74%, பியூப்ரெனார்பினில் 46%. எது நல்லது என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. எதில் ஒருவர் நிலைத்து நிற்கிறாரோ அதைத் தொடர வேண்டும். இரண்டையும் 2005இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

சிலர் டோஸ் குறைவாக இருந்தால் "நல்ல நோயாளி" என்று நினைக்கிறார்கள், கிளினிக்குகளே சில சமயம் அப்படி நடந்துகொள்கின்றன. 60 முதல் 120 மில்லிகிராமில் இருப்பவர்கள்தான் பெரும்பாலும் சிகிச்சையில் நீடிக்கிறார்கள். 85 என்பது அதிகமும் இல்லை, வெட்கப்பட வேண்டியதும் இல்லை.

வெண்தாழை எழுதியது:

குழந்தையைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் மெத்தடோன் எடுப்பது ஆண், அதனால் கர்ப்பத்தில் குழந்தைக்கு மருந்து போவது என்ற பிரச்சினையே இல்லை. மேலே ஐயா சொன்ன ஹார்மோன் பரிசோதனை ஒன்று போதும், கர்ப்பம் தரிக்கத் தாமதமானால் அதைப் பார்க்கலாம். அந்தப் பெண்ணிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் பெண்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காக மீதியை எழுதுகிறேன், ஏனென்றால் நான் மெத்தடோனில் இருந்தபடியேதான் என் மகளைப் பெற்றேன். கர்ப்பம் என்று தெரிந்தவுடன் வீட்டில் எல்லோரும் "உடனே நிறுத்து" என்றார்கள். பேறுகால மருத்துவர் வேண்டவே வேண்டாம் என்றார். திடீரென்று நிறுத்தினால் ஹெராயினுக்குத் திரும்பும் ஆபத்து அதிகம், அந்த ஏற்ற இறக்கம்தான் குழந்தைக்குக் கெடுதல், நிலையான டோஸ்தான் இருவருக்கும் பாதுகாப்பு என்றார். கடைசி மாதங்களில் உடம்பு மருந்தைச் சீக்கிரம் கரைத்துவிடும், எனக்கு டோஸை ஏற்றிக் காலை மாலை என்று பிரித்தார்கள். மகள் பிறந்து சில நாளில் நடுக்கம், அழுகை, பால் குடிப்பதில் சிரமம் வந்தது. அது வரும் என்று முன்பே எதிர்பார்த்து ஆஸ்பத்திரியிலேயே வைத்துக் கவனித்தார்கள். மார்போடு அணைத்து வைத்திருப்பது, வெளிச்சமும் சத்தமும் குறைந்த அறை, தாய்ப்பால், இதுவே பாதி வைத்தியம். தாய்ப்பாலில் போகும் மெத்தடோன் மிகக் கொஞ்சம், வேறு போதைப்பொருள் எடுக்காத, எச்.ஐ.வி. இல்லாத தாய் தாராளமாகக் கொடுக்கலாம்.

பிரசவ வார்டில் என்னைப் பார்த்த பார்வைகள் எனக்கு இன்னும் வலிக்கின்றன. மருந்தால் வந்த கஷ்டத்தை விட அது பெரியது. அந்தப் பெண்ணும் உங்கள் தம்பியும் யாரிடம் எதைச் சொல்வது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளட்டும், எல்லோருக்கும் விளக்கம் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை.

மருந்துச்சீட்டு எழுதியது:

மருந்தாளுநர் நான். வீட்டுக்கு டோஸ் வாங்கப் போகிறார் என்றால் சிலவற்றைச் சொல்லாமல் விட முடியாது.

பூட்டுப் பெட்டி வேண்டும். பெரியவருக்குப் பழகிய ஒரு நாள் டோஸ், பழகாத பெரியவரையே கொல்லும், குழந்தைக்குச் சில வாய் போதும். குளிர்பான பாட்டிலில் மாற்றி ஊற்றி வைக்கவே கூடாது. காலி பாட்டிலையும் கழுவித்தான் போட வேண்டும்.

டோஸ் தவறினால் மறுநாள் இரண்டு சேர்த்து எடுக்கக் கூடாது. மூன்று நாளோ அதற்கு மேலோ விட்டுப் போனால் பழைய 85ஐ அப்படியே எடுக்கக் கூடாது, தாங்கும் சக்தி இறங்கியிருக்கும், கிளினிக்கில் பார்த்துக் குறைத்துத்தான் திரும்ப ஆரம்பிப்பார்கள். வெளியூர் போகும்போது இதுதான் நடக்கிறது, அதனால் கையில் எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று பார்த்துத்தான் கிளம்ப வேண்டும்.

மற்ற மருந்துகள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின், எச்.ஐ.வி.க்கான எஃபாவிரென்ஸ், இவையெல்லாம் மெத்தடோன் அளவை இறக்கிவிடும், திடீரென்று மூக்கு ஒழுகி உடம்பு முறுக்க ஆரம்பிக்கும், "இவன் ஏதோ செய்கிறான்" என்று வீட்டில் சந்தேகப்படுவார்கள். ஃப்ளூகொனசோல், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவை ஏற்றிவிடும். பென்டசோசின் வலி ஊசி போட்டால் உடனே கடுமையான விடுபடல் அறிகுறி வரும். எல்லாவற்றையும் விட ஆபத்தானது தூக்க மாத்திரை வகைகளும் மதுவும், இவை மெத்தடோனோடு சேர்ந்தால்தான் பெரும்பாலும் தூக்கத்திலேயே மூச்சு நிற்கிறது. எந்த டாக்டரிடம் போனாலும் மெத்தடோன் எடுக்கிறேன் என்று முதலில் சொல்ல வேண்டும்.

அப்புறம் நலாக்சோன், ஓவர்டோஸில் அடங்கிய மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும் மாற்று மருந்து. மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாகவும் ஊசியாகவும் வருகிறது, வீட்டில் ஒன்று இருக்கட்டும், எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியட்டும். எழுப்பினால் எழவில்லை, குறட்டை மாதிரி சத்தம், உதடு நீலம் என்றால் கொடுத்துவிட்டு உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கண் விழித்துவிட்டார் என்று விட்டுவிடாதீர்கள். நலாக்சோன் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான் வேலை செய்யும், மெத்தடோன் ஒரு நாளுக்கும் மேல் உடம்பில் இருக்கும், திரும்பவும் மூச்சு அடங்கும். அவர் வேண்டாம் என்றாலும் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நிலாமுற்றம் எழுதியது:

கிளினிக்குக்குத் தம்பியோடு நானும் அந்தப் பெண்ணும் போய் வந்தோம். டோஸைக் குறைப்பதை நிறுத்தி 85இலேயே வைத்தாயிற்று. வீட்டுக்கு டோஸ் தருவது பற்றிக் கேட்டோம், சிறுநீர்ப் பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருப்பதால் முதலில் வாரத்துக்குச் சில நாள் என்று ஆரம்பித்து அப்புறம் கூட்டலாம் என்றார்கள், இத்தனை நாள் நாங்கள் கேட்கவே இல்லையாம். இசிஜிக்கு எழுதிக் கொடுத்தார்கள். கல்யாணம் முடிந்து நிதானமான பிறகு, அவனுக்கே வேண்டும் என்று தோன்றினால், கரையேறியவன் சொன்ன மாதிரி மெதுவாக இறங்குவதைப் பற்றிப் பேசலாம் என்று கவுன்சலரும் சொன்னார்.

சித்தப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு மட்டும் சிகிச்சைக்குள் 11, வெளியே 36 என்ற அந்தக் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ குடிக்கட்டும்" என்றார்.

பழையவழிப்போக்கன் எழுதியது:

நல்லது அக்கா. பூட்டுப் பெட்டி வாங்கும்போது எண் பூட்டு வாங்குங்கள், சாவி தொலையும். அவர் அடுத்த தடவை போகும்போது ஹெபடைட்டிஸ் சி பரிசோதனையையும் மறக்காமல் கேட்கட்டும்.